‘வண்டி எப்படி இருக்கு?’

திருச்சியிலிருந்து கரூர் போகிற ரோட்டில், முக்கொம்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் அங்கே ஏழெட்டு பைக் நிற்கும். பாதி புல்லட், ஒரு பழைய யெஸ்டி, மற்றதெல்லாம் சமீபத்தில் வாங்கியவை. ஓட்டி வந்தவர்களில் சின்னவருக்கு 57 வயது, பெரியவருக்கு 72. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பேங்க் மேனேஜராக இருந்தவர், கணக்கு வாத்தியார், இன்னமும் மளிகைக்கடை நடத்துகிறவர். மாதம் ஒரு தடவை கொல்லிமலை, பச்சைமலை என்று போய்வருவார்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய பயணம்: தனுஷ்கோடி, மூணாறு, கன்னியாகுமரி.

நாற்பதுகளில் இருக்கும் எனக்கு அங்கே ‘தம்பி’ என்றுதான் பெயர். நாலு வருஷமாகப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் காதில் விழுந்ததை நோட்டில் எழுதி வைப்பேன். ஆராய்ச்சி பண்ணணும்னு ஆரம்பிக்கவில்லை. அவர்கள் பேசுவது பல சமயம் புரியவில்லை, அதனால்தான்.

முதல் மாதத்தில் நடந்தது இது. ஃபிட்டர் அண்ணனிடம், “வண்டி எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டேன்.

“காலையில ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்குது தம்பி. சூடாயிட்டா ஒண்ணும் தெரியல.”

நான் கார்புரேட்டரைப் பாருங்க, ஸ்பார்க் பிளக்கை மாத்துங்க என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முழங்காலைச் சொல்லியிருக்கிறார்.

வயதான பைக்காரர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான். உடம்பைப் பற்றி ஆயிரம் பேசுவார்கள், ஆனால் வண்டியின் பெயரில் பேசுவார்கள். அறிவுரையும் அப்படியே. இது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சொல்லாமல் சொல்வது

அந்தக் கூட்டத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. “உனக்கு வயசாயிடுச்சு” என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லியாச்சு. டீக்கடையிலும் அதையே கேட்க அவர்கள் ஐந்து மணிக்கு எழுந்து வருவதில்லை.

அதனால் அறிவுரை மூன்று விதமாக வரும். ஒன்று, வண்டிப் பேச்சு: “சஸ்பென்ஷன் போயிடுச்சு” என்றால் முதுகுவலி. இரண்டு, சொந்தக் கதை: “போன வாரம் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன் பாரு” என்று ஒருத்தர் ஆரம்பித்தால், கேட்கிறவர்களில் ஒருவருக்கு அதில் சேதி இருக்கிறது. மூன்று, கேள்வி: “தண்ணி எங்க குடிச்சே?” இது விசாரிப்பு இல்லை, இப்ப குடி என்று அர்த்தம்.

இந்த மூன்றிலும் கேட்கிறவரின் மானம் போவதில்லை. அதனால்தான் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். மகன் சொன்னால் கோபம் வருகிற அதே விஷயத்தை, யெஸ்டிக்காரர் தன் கதையாகச் சொன்னால் அடுத்த வாரமே செய்துவிடுகிறார்கள்.

எண்பது கிலோமீட்டருக்கு ஒரு டீ

இவர்களோடு முதல் தடவை நெடுந்தூரம் போனபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. மதுரை போவதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார்கள். “வண்டி சூடாயிடும் தம்பி” என்றார்கள். நாலுவழிச் சாலையில் மிதமாகப் போகிற வண்டிக்கு அப்படி ஒன்றும் ஆகாது.

உண்மையான காரணம் வேறு. வயதாக ஆகத் தாக உணர்ச்சி மங்கும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் தாகம் எடுக்காது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்கு அதில் நீர் பிரிக்கிற மாத்திரையும் சேர்ந்திருக்கும். போதாததற்கு, அறுபதைத் தாண்டிய ஆண்களில் பலருக்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கி அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். வெயில், ஜாக்கெட், ஹெல்மெட், தண்ணீர் இல்லை. அசதி முதலில் வரும், பிறகு தலை கிறுகிறுக்கும், கவனம் சிதறும். இதெல்லாம் நடக்கும்போது அவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்.

‘எண்பது கிலோமீட்டருக்கு ஒரு டீ’ என்பது இந்தப் பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி. நிறுத்தச் சொல்கிறவர் என்று யாரும் கிடையாது. டீ நேரம் வந்தது, நிறுத்தினோம், அவ்வளவுதான். இறங்கினதும் மேனேஜர் சார் எல்லாருக்கும் முன்னால் கடைக்குப் பின்பக்கம் போவார். அவர் போனால் மற்றவர்களும் போகலாம். அது அவர் செய்கிற சேவை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

காலின் பழைய ஞாபகம்

பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும், பிரேக் இடது காலில். மேலே ஒன்று, கீழே மூன்று. இப்போது வருகிற வண்டிகள் எல்லாவற்றிலும் இது தலைகீழ். முப்பது நாற்பது வருஷம் பழைய முறையில் ஓட்டியவர் புது வண்டி வாங்கினால் என்ன ஆகும்? முதல் வாரம் தடுமாறுவார், பிறகு பழகிவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான்.

ஃபிட்டர் அண்ணன் சொன்ன கதை. புது வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கால் நன்றாகப் பழகிவிட்டதாக நினைத்திருக்கிறார். துறையூர் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. இடது காலைப் பலமாக அழுத்தினார். பிரேக் பிடிக்கவில்லை, கியர்தான் விழுந்தது. “நாய் தப்பிச்சுது. நானும் தப்பிச்சேன். ஆனா அந்தக் கால் என் பேச்சைக் கேக்கல தம்பி, 1982-ஓட பேச்சைக் கேட்டுது.”

யோசித்து ஓட்டும்போது புதுப் பழக்கம் முன்னால் நிற்கும். பதறும்போது யோசிக்க நேரம் இல்லை, அதிக நாள் ஊறின பழக்கம்தான் முந்திக்கொள்ளும். அதனால் அவர்கள் சொல்கிற விதி: பழைய புல்லட்டையும் புது வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டாதே. இரண்டும் வேண்டும் என்றால் பழையதை ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓட்டு. ஒவ்வொரு தடவை ஏறும்போதும், நகர்வதற்கு முன்னால் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துக் காலுக்கு ஞாபகப்படுத்து.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று எழுத நான் வரவில்லை. “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே” என்பது அந்தக் காலத்துப் பாடம். இன்னமும் சிலர் சொல்கிறார்கள். இது தப்பு. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு வந்துவிடும், எனவே வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. மண் ரோடும் வழுக்குகிற டயரும் இருந்த காலத்தில் அந்த அறிவுரைக்கு ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம் ஆகிவிட்டது. அந்த வண்டியில் ஏறிக்கொண்டு பின் பிரேக்கை மட்டும் நம்பினால், கொடுத்த காசில் பாதி வீண்.

அறுபதில் விழுவதில்லை, ஆறில் விழுகிறார்கள்

மளிகைக்கடைக்காரர் அடிக்கடி சொல்வது இது: “விழறது அறுபதுல இல்ல தம்பி, ஆறுல.” மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் என்று அர்த்தம். என் நோட்டில் எழுதியிருக்கிற விழுந்த கதைகளை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் பங்க்கில், டீக்கடை ஜல்லியில், ரோட்டோரம் யூ-டர்ன் அடிக்கும்போது நடந்தவை.

காரணம் எளிது. வண்டி ஓடும்போது தானே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். நின்றுவிட்டால் முழு எடையும் ஓட்டுகிறவர் காலில். சுற்றுலா வண்டிகள் பல 180, 190 கிலோ இருக்கும், மேலே பையும் இருக்கும். முப்பது வயதில் வண்டி லேசாகச் சாய்ந்தால் தொடையைக் கொடுத்துப் பிடித்துவிடலாம். அறுபத்தைந்தில் அது முடியாது. பிடிக்கப் பார்ப்பதுதான் தப்பு. முதுகும் தோளும் போவது அப்போதுதான்.

எனவே அவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித்தருவது வேகத்தைப் பற்றி அல்ல, நிறுத்துவதைப் பற்றி. இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்தாதே, பின்னால் தள்ள முடியாது. காலை ஊன்றுவதற்கு முன்னால் தரையைப் பார். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடிக்காதே. சாய்ந்துவிட்டதா, விட்டுவிடு. “கிராஷ் கார்டு வாங்கினது எதுக்கு? விழட்டும். தூக்கக் கூடாது, கூப்பிடணும்.” கூப்பிடுவதுதான் கஷ்டம். கூட்டமாகப் போவதில் ஒரு லாபம், கூப்பிட வேண்டிய அவசியமே வராது. வண்டி சாயும்போதே ரெண்டு பேர் ஓடி வந்துவிடுவார்கள்.

மலை ரோட்டுக்கும் காற்றுக்கும் அவர்களிடம் தனிப் பாடம் உண்டு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கிலேயே தொங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறின கியரிலேயே இறங்கு, எஞ்சின் பிடிக்கட்டும். முப்பந்தல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பக்கவாட்டில் காற்று தள்ளும். லாரியின் மறைவில் போகும்போது தெரியாது, அதைத் தாண்டினதும் அறையும். அப்போது கையை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். முழங்காலால் டேங்க்கைப் பிடி, கையைத் தளர்த்து. கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் வலிக்குப் பயந்து ஏற்கெனவே தோளை இறுக்கித்தான் வைத்திருப்பார்கள்.

நேராகப் பேசுகிற ஒரே இடம்

மருந்து விஷயத்தில் மட்டும் சுற்றிவளைப்பு கிடையாது. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிற பயணத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கித் தடுமாறலாம். கை நடுங்கும், வேர்க்கும், முடிவெடுக்கிற புத்தி மங்கும். கூட்டத்தில் இரண்டு பேர் அப்படி. அவர்கள் எந்தப் பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இன்சுலினை டேங்க் பையில் வைக்கக் கூடாது, எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் கெட்டுவிடும் என்பதும் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறார். அவர் தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே ரத்தம் கசிவது பிறகுதான் தெரியவரலாம்.

இதை எப்படி நேராகப் பேசுகிறார்கள்? இது வியாதி, வயது இல்லை. வியாதி யாருக்கும் வரலாம். அதில் அவமானம் இல்லை.

பல்பு

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வாத்தியாருக்கு அப்போது 71. எங்களில் நன்றாக ஓட்டுகிறவர் அவர்தான். ஒரு வருஷம் கார்த்திகை வாக்கில், இருட்டினதும் அவர் ரோட்டு நடுவே ஓட்ட ஆரம்பித்ததைக் கவனித்தோம். எதிரே வண்டி வந்தால் அளவுக்கு மீறி வேகம் குறைப்பார். “எல்லாப் பயலும் ஹை பீம் போட்டுட்டு வர்றான்” என்று திட்டுவார். அவருடைய மனைவி அதுவரை பின்னால் உட்கார்ந்து வருவார். ராத்திரிப் பயணம் என்றால் நான் வரலை என்று அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

நாங்கள் அறிவுரை சொன்னோம். எங்கள் பாஷையில்.

“சார், ஹெட்லைட் டல்லா இருக்கு. எல்இடி போடுங்க.” போட்டார். “வைசர்ல கீறல் இருக்கு சார்.” மாற்றினார். “ராத்திரிக்கு மஞ்சக் கண்ணாடி நல்லா இருக்கும்னு சொல்றாங்க.” வாங்கினார். மஞ்சள் கண்ணாடி ராத்திரியில் உதவாது, கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும் என்று எனக்கு இப்போது தெரியும். ஆறு மாதம் நாங்கள் ஒரு நல்ல பல்புக்கு வைத்தியம் பார்த்தோம்.

அடுத்த சித்திரையில் கொல்லிமலை போய்த் திரும்பும்போது நேரமாகிவிட்டது. தொட்டியம் தாண்டி, ஒரு கரும்பு டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நின்றது. எனக்கு முன்னால் போன மூன்று பேரும் அதைப் பார்த்து விலகினார்கள். வாத்தியார் பார்க்கவில்லை. கடைசி நொடியில் ஒடித்துத் தப்பினார், ஆனால் மண்ணில் இறங்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் போயிருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது யாரும் பேசவில்லை. பல்பு இல்லை என்பது எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

வண்டியைச் சரிபண்ணக் கொண்டுபோனபோது மெக்கானிக் பாய் விளக்கைப் போட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையில் கட்டோடு வந்திருந்த வாத்தியாரிடமே சொன்னார்: “சார், விளக்கு ஜோரா இருக்கு. ஆறு மாசமாச் சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க கண்ணைக் காட்டுங்க.”

வாத்தியார் கோபப்படவில்லை. “இதை ஏன்யா இவ்வளவு நாளா யாரும் சொல்லலை?” என்றுதான் கேட்டார். அவர் எங்கள் ஜாடை எதையும் ஜாடையாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்பு என்றால் பல்பு என்றே நினைத்திருக்கிறார்.

இரண்டு கண்ணிலும் புரை. புரை விழுந்த கண்ணில் எதிர் வெளிச்சம் சிதறும், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், இருட்டில் மங்கலாக நிற்கிற பொருள் பின்னணியோடு கலந்துவிடும். பகலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. புரை இல்லாவிட்டாலும் வயதானவர்களின் பாப்பா இருட்டில் முன்போல் விரியாது, எதிர் வெளிச்சம் பட்டபின் பார்வை தெளிய நேரம் பிடிக்கும். ‘எல்லாரும் ஹை பீம் போடுகிறார்கள்’ என்று ஒருவர் திடீரென்று சொல்ல ஆரம்பித்தால், முதலில் பார்க்க வேண்டியது அவர் கண்ணைத்தான்.

யார் சொல்வது?

55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழும் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருஷத்துக்குள் புரை முற்றிவிடும். நடுவில் ஒருவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் கூடப் போகிற நண்பர்கள் மட்டும்தான்.

வீட்டில் நேராகப் பேசுகிறார்கள், ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் பேசுகிறார்கள்: “வண்டியை வித்துடுங்கப்பா.” நண்பர்கள் எல்லாவற்றையும் பேசுகிறார்கள், ஆனால் நேராகப் பேசுவதில்லை. வாத்தியார் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்தார். ‘நிறுத்து’ என்பது ஒரு மனுஷனின் வாழ்க்கையில் பெரிய துண்டை வெட்டிக் கேட்பது, அதனால் அவர் காதை மூடிக்கொள்வார். ‘கண்ணைக் காட்டு’, ‘ஆறு மணிக்குள் திரும்பு’, ‘எடை குறைந்த வண்டிக்கு மாறு’ என்பவை அப்படி இல்லை. அவை ஓட்டுவதை நீட்டிக்கிற வார்த்தைகள். பாய் சொன்னதில் நான் கற்றுக்கொண்டது அதுதான். பொதுவாகச் சொன்னால் வலிக்கும். குறிப்பாகச் சொன்னால் வேலையாகிவிடும்.

ஜாடைப் பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் அது போதும், அது அழகும்கூட. ஆனால் ஒரே விஷயத்தை மூன்று தடவை ஜாடையாகச் சொல்லியும் எதுவும் மாறவில்லை என்றால், நாலாவது தடவை பேரைச் சொல்லிப் பேச வேண்டும். இப்போது எங்கள் கூட்டத்தில் இது விதி. யாரும் அறிவிக்கவில்லை, அதுவாக வந்தது.

வாத்தியாருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி, காறை எலும்பும் கூடி, இப்போது பழையபடி வருகிறார். பகலில் மட்டும். நாலரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவார், நாங்களும் அவரோடு திரும்புவோம்.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார், 63 வயது. ஃபிட்டர் அண்ணன் வழக்கம்போல, “வண்டி எப்படி சார் இருக்கு?” என்று ஆரம்பித்தார். வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்தார்.

“வண்டி இருக்கட்டும் சார். கண்ணு எப்ப காட்டினீங்க?”